தரை துடைத்த பெரியவர் பில் கிராஃபோர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விடுதியில் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர் என்று ஒரு நாள் மாணவர்கள் கண்டுபிடித்தார்களாம். இந்தக் கதை பல வருடமாக ஃபார்வர்டாகச் சுற்றுகிறது. எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்தது. சித்தப்பா வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டார். அக்கா மகன் ‘உருட்டு’ என்று ஒரே வார்த்தையில் முடித்தான். இருவருக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன், கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது உண்மையா, யாரோ கட்டிவிட்டதா?

உண்மை. அவர் பெயர் வில்லியம் ஜான் கிராஃபோர்ட். பழகியவர்களுக்கு பில். பதக்கத்துக்கான அரசுச் சான்றுரை இருக்கிறது, பின்னாளில் அமெரிக்க அதிபரே பதக்கத்தை மேடையில் அணிவித்ததும் பதிவில் இருக்கிறது. கண்டுபிடித்த மாணவர் விமானப்படையில் கர்னல் வரை உயர்ந்து, அந்த அனுபவத்தைக் கட்டுரையாகவும் எழுதினார். ஃபார்வர்டுகள் பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள்தான். கைமாறக் கைமாறக் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

எந்த ஊர்க்காரர்?

கொலராடோ மாநிலத்தின் பியூப்லோ. இரும்பு ஆலையை நம்பி வளர்ந்த ஊர். அங்கே 1918 மே 19ல் பிறந்தார். கடைசிக் காலத்தில் வாழ்ந்தது பாமர் லேக் என்ற மலையடிவாரச் சிற்றூரில். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே மலைச்சரிவில் விளக்குகளால் ஆன பெரிய நட்சத்திரம் எரியும். 1935லிருந்து அந்த ஊருக்கு அதுதான் அடையாளம்.

பள்ளி என்கிறார்கள், கல்லூரி என்கிறார்கள். அவர் வேலை பார்த்தது எங்கே?

கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க விமானப்படை அகாடமியில். 1954ல் தொடங்கிய நிறுவனம் அது. நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கினால் விமானப்படை அதிகாரி. மாணவர்களை கேடட் என்பார்கள். விடுதியில் நூறு பேர் அளவுக்கு ஒரு ஸ்குவாட்ரன் என்று பிரித்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு ஸ்குவாட்ரனின் கூடங்களும் தாழ்வாரங்களும் குளியலறைகளும் கிராஃபோர்டின் பொறுப்பு.

ஜானிட்டர் என்றால் நம்மூர் பியூனா, வாட்ச்மேனா?

இரண்டும் பொருந்தாது. பியூன் ஃபைல் தூக்குவார், மணி அடிப்பார். வாட்ச்மேன் கேட்டில் இருப்பார். அமெரிக்கப் பள்ளிகளில் ஜானிட்டர் அல்லது கஸ்டோடியன் என்பவர் கட்டடத்தையே பார்த்துக்கொள்பவர். பெருக்குவது, துடைப்பது, மெஷின் போட்டுத் தரையைப் பளபளப்பாக்குவது, கழிப்பறை கழுவுவது, குப்பையை அகற்றுவது எல்லாம் அவர் வேலை. பல பள்ளிகளில் பல்பு மாற்றுவது, பனி விழுந்தால் வாசலை வெட்டிச் சுத்தம் செய்வது, சாவிக்கொத்து வைத்திருப்பது வரை அவரிடமே வரும். தூய்மைப் பணியாளர் என்பது ஓரளவு நெருங்கி வருகிற சொல். ஆனால் இந்த வேலைக்கும் சாதிக்கும் நம்மூரில் விழுந்திருக்கும் முடிச்சு அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ராணுவத்தில் மாஸ்டர் சார்ஜன்ட் என்ற மூத்த பதவியில் ஓய்வுபெற்ற ஒருவர் மறுபடி துடைப்பத்தைக் கையில் எடுப்பதை நம் ஊரில் கற்பனை செய்ய முடியாததற்குக் காரணம் அந்த முடிச்சுதான். அங்கேயும் இது மரியாதை குறைந்த வேலைதான். ஆனால் பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

அவர் போரில் அப்படி என்ன செய்தார்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1942ல் ராணுவத்தில் சேர்ந்தார். 36வது டிவிஷனின் 142வது காலாட்படை ரெஜிமென்டில், ‘ஐ’ கம்பெனியில் சாதாரண சிப்பாய். டெக்சஸ்காரர்கள் நிறைந்த டிவிஷன் அது, இவர் கொலராடோக்காரர். 1943 செப்டம்பர் 8 மாலை, கப்பலில் இத்தாலிக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, இத்தாலி சரணடைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. இனி இறங்கி நடந்து போனால் போதும் என்று சிப்பாய்கள் கொண்டாடினார்கள். ஆனால் கரையில் காத்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள். மறுநாள் விடியற்காலையில், பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பேஸ்டம் கடற்கரையில் இந்த டிவிஷன் இறங்கியது. சலெர்னோ போர் என்று வரலாற்றில் சொல்வது இதைத்தான்.

கடற்கரையை மேலிருந்து பார்க்கிற மாதிரி அல்டாவில்லா என்ற மலைக் கிராமம். அதை ஒட்டி, வரைபடத்தில் 424 என்று எண் போட்ட ஒரு குன்று. மேலே யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் கீழே இருப்பவர்களின் உயிர். அமெரிக்கர்கள் ஒருமுறை பிடித்தார்கள், இழந்தார்கள், 13ஆம் தேதி மறுபடி ஏறினார்கள்.

கிராஃபோர்ட் ஸ்கவுட். அதாவது முன்னால் போய்ப் பார்த்துச் சொல்பவர். உச்சியை எட்டியதும் இயந்திரத் துப்பாக்கிகள் பொழிய ஆரம்பித்தன, படைப்பிரிவு தலை தூக்க முடியாமல் படுத்துவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. அவராகவே ஊர்ந்து, முதல் துப்பாக்கிக்குச் சில கஜ தூரம் வரை போய்க் கையெறி குண்டை வீசினார். மூன்று பேர் செத்தார்கள், துப்பாக்கி அடங்கியது. படை நகர்ந்தது. சற்று மேலே, அடுத்த படிக்கட்டு நிலத்தில் இன்னும் இரண்டு துப்பாக்கிகள். நடுவில் புகுந்து இடப்பக்கத்தை ஒரு குண்டால் முடித்தார். அடுத்ததை ஒரு குண்டும் ரைஃபிளுமாக. எஞ்சியவர்கள் ஓடினார்கள். அவர்கள் விட்டுப்போன துப்பாக்கியையே திருப்பி, ஓடியவர்களை நோக்கிச் சுட்டார். அப்போது அவருக்கு வயது 25.

இறந்துவிட்டதாக ஏன் அறிவித்தார்கள்?

அந்த வெற்றி நீடிக்கவில்லை. ஜெர்மானியர்கள் அன்றே பெரிய அளவில் திருப்பித் தாக்கினார்கள். குன்றும் கிராமமும் மறுபடி கைமாறின. அந்தக் களேபரத்தில் கிராஃபோர்ட் திரும்பவில்லை. அவர் செய்ததைப் பார்த்தவர்கள் உயிரோடு வந்து சொன்னார்கள், அவரைக் காணோம். செத்துப்போயிருப்பார் என்று முடிவுகட்டி, 1944ல் பதக்கத்தை அவருடைய அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா மகனின் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய வேளையில் மகன் ஜெர்மானியச் சிறைமுகாமில் இருந்தார். அவர் உயிரோடிருப்பது அந்த வருடமே பிறகு தெரிய வந்தது. 1945ல் விடுதலை.

ஃபார்வர்டுகள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கென்னவோ முழுக் கதையிலும் மனதில் நிற்பது அந்த அப்பாதான்.

பிறகு ஏன் துடைப்பம் பிடிக்கும் வேலை? அரசாங்கம் கைவிட்டுவிட்டதா?

இல்லை. ‘வீரனைப் பிச்சைக்காரனாக்கிய தேசம்’ என்று ஒரு தமிழ் ஃபார்வர்டு பார்த்தேன், அது அபத்தம். 1946ல் கல்யாணம் செய்துகொண்டார், 1947ல் மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார், 1967ல் மாஸ்டர் சார்ஜன்டாக ஓய்வுபெற்றார். ராணுவ ஓய்வூதியம் உண்டு. இந்தப் பதக்கம் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு மாதப்படியும் உண்டு. ஐம்பதை எட்டும் வயதில், சும்மா உட்கார மனமில்லாத ஒருவருக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு வேலை. நம் வங்கிகளின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர்களில் எத்தனை பேர் முன்னாள் ராணுவத்தினர் என்று யோசித்தால் இதில் மர்மம் ஒன்றுமில்லை.

மாணவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1976ன் இலையுதிர் காலம். கூச்ச சுபாவம், மெல்லிய குரல், கொஞ்சம் கூனல், மெதுவான நடை. காலையில் வருவார், சத்தமில்லாமல் வேலையைப் பார்ப்பார், போவார். தாண்டிப் போகிறவர்கள் மிஞ்சிப்போனால் ஒரு ‘குட் மார்னிங்’ சொல்வார்கள். நூறு இளவட்டங்கள் போட்டுவைக்கிற குப்பையை ஒரு 58 வயதுக்காரர் அள்ளிக்கொண்டிருந்தார், அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், ஜேம்ஸ் மாஷ்காட் என்ற இறுதியாண்டு மாணவர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் நடந்த சண்டைகளைப் பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அல்டாவில்லா வந்தது. கொலராடோவைச் சேர்ந்த வில்லியம் கிராஃபோர்ட் என்ற சிப்பாய் வந்தார். பெயரைப் பார்த்ததும் அறைத்தோழனைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் நம்பிக்கையில்லை. கிராஃபோர்ட் என்ற பெயருக்கு அங்கே பஞ்சமா என்ன?

திங்கட்கிழமை புத்தகத்தோடு போய் நின்றார்கள். பெரியவர் அந்தப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தார். ஆமாம், அது நான்தான் என்றார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

மாணவர்களும் உடனே கேட்டது இதைத்தான். அது என் வாழ்க்கையில் ஒரு நாள், நடந்து ரொம்ப காலமாகிவிட்டது என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடக்கம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அது ஒரு சரியான கணக்காகவும் படுகிறது. அந்த ஒரு நாளுக்குப் பின் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறை, இருபது வருட ராணுவ வேலை, குடும்பம், அப்புறம் தினமும் காலையில் இந்தத் தாழ்வாரம். புத்தகங்களுக்குத்தான் 1943 செப்டம்பர் 13 பெரிய நாள். அதோடு, அன்று அவர் கையால் செத்தவர்களும் மனிதர்கள். காலை காப்பிக்கு நடுவே சொல்லிக்கொள்கிற சங்கதியா அது?

தெரிந்த பிறகு என்ன மாறியது?

நிறைய. செய்தி ஸ்குவாட்ரனில் தீயாகப் பரவியது. பெயரில்லாமல் இருந்தவர் ‘மிஸ்டர் கிராஃபோர்ட்’ ஆனார். நின்று பேசினார்கள், அவர் சொல்வதைக் கேட்டார்கள். ஸ்குவாட்ரனின் விருந்துகளுக்கு அழைத்தார்கள், அவர் கோட்டும் சூட்டுமாக வந்தார். பதக்கத்தின் அடையாளமாக, நட்சத்திரங்கள் போட்ட சிறு நீல முத்திரை மட்டும் கோட்டில் இருக்கும். தாங்கள் போட்ட குப்பையைத் தாங்களே எடுக்க ஆரம்பித்தார்கள். அவருடைய நடையே மாறியது, தோள் கொஞ்சம் நிமிர்ந்தது என்று மாஷ்காட் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், அந்த விடுதியின் செல்லப் பெரியவர் ஆகிவிட்டார்.

சரி, இங்கே எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ‘யாரையும் இளக்காரமாகப் பார்க்காதே, அவர் யாராகவும் இருக்கலாம்’ என்று முடித்துத்தான் எல்லோரும் இதை அனுப்புகிறார்கள். யாராகவும் இல்லாவிட்டால்? அடுத்த ஸ்குவாட்ரனிலும் ஒருவர் தரை துடைத்திருப்பார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வந்திருக்காது. சனிக்கிழமை வரை கிராஃபோர்டுக்குக் கிடைக்காத வணக்கம் திங்கட்கிழமை கிடைத்தது. இடையில் அவர் கூடுதலாக ஒன்றும் செய்துவிடவில்லை, அதே தரையைத்தான் துடைத்தார். மாஷ்காட் இதை ஒளிக்கவில்லை என்பது அவர்மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது. பதக்கம் தெரியும் முன்பே அந்த மனிதரைக் கவனித்திருக்க வேண்டும் என்று தன்மேலேயே குறை சொல்லிக்கொள்கிறார். ஃபார்வர்டு செய்கிறவர்கள் வசதியாக வெட்டிவிடுவது அந்தப் பகுதியைத்தான்.

அந்த அகாடமிக்கு அந்தப் பதக்கம் புதுசா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அகாடமியில் 1965ல் பட்டம் பெற்றவர் லான்ஸ் சைஜான். 1967 நவம்பரில் லாவோஸ் மேல் பறந்தபோது இவருடைய விமானம் விழுந்தது. கால் ஒடிந்து, மண்டையில் அடிபட்டு, கை நொறுங்கி, 46 நாள் காட்டுக்குள் ஊர்ந்தே எதிரிகளிடமிருந்து தப்பித்திருந்தார். பிடிபட்ட பிறகும் வாய் திறக்கவில்லை. 1968 ஜனவரியில் ஹனோய் சிறையில் இறந்தார். 1976 மார்ச்சில் அதிபர் ஃபோர்ட் அவருடைய பெற்றோரிடம் இதே மெடல் ஆஃப் ஆனர் பதக்கத்தைக் கொடுத்தார். அகாடமியில் படித்தவர்களில் அதைப் பெற்ற முதல் ஆள் சைஜான். அந்த வருடமே ஒரு விடுதிக்கு அவர் பெயரையும் வைத்தார்கள்.

ஆக, 1976ல் அந்த வளாகம் முழுக்க இந்தப் பதக்கத்தைப் பற்றித்தான் பேசியிருக்கும். அது எப்பேர்ப்பட்டது என்று கேடட்டுகளுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். அதே பதக்கம் வாங்கிய, சைஜானைப் போலவே எதிரியின் சிறையில் கிடந்த இன்னொருவர் அதே வளாகத்தில் மாப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பதக்கம் நம்மூரில் எதற்குச் சமம்?

பரம வீர சக்கரத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெனரல்கூட இவருக்குச் சல்யூட் அடிக்க வேண்டுமாமே?

சட்டம் இல்லை, வழக்கம். பதக்கம் பெற்றவர் கடைநிலைச் சிப்பாயாக இருந்தாலும் அதிகாரிகள் முந்திக்கொண்டு சல்யூட் வைப்பார்கள். பதக்கம் பெற்றவர்களின் பிள்ளைகள் தகுதி பெற்றால், சிபாரிசுக்கும் இட எண்ணிக்கைக்கும் உள்ள கட்டுப்பாடு இல்லாமல் ராணுவ அகாடமிகளில் சேரலாம் என்ற சலுகையும் உண்டு.

அதிபர் ரீகன் வந்த கதை?

அதுவும் உண்மை. அப்பாவிடம் கொடுத்த பதக்கம் வீட்டில் இருந்ததே தவிர, அதை யாரும் இவர் கழுத்தில் முறைப்படி போட்டதில்லை. செத்தவருக்கென்று நடத்திய விழாவை உயிரோடு வந்தவருக்கு மறுபடி நடத்த வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை போலும். 1984 மே 30 அன்று அகாடமியின் பட்டமளிப்பு விழாவுக்கு ரொனால்ட் ரீகன் வந்தார். பட்டம் வாங்கும் மாணவர்கள், பெற்றோர்கள், அதிகாரிகள் எல்லோர் முன்னிலையிலும் கிராஃபோர்டைக் கூப்பிட்டு அணிவித்தார். அல்டாவில்லாவுக்கும் அந்த மேடைக்கும் இடையே நாற்பது வருடத்துக்கு மேல். நடந்தது அவர் பெருக்கித் துடைத்த வளாகத்திலேயே.

அதே குன்றில் வேறு யாருக்காவது பதக்கம் கிடைத்ததா?

கிடைத்தது. அதே 13ஆம் தேதி, அதே 424ஆம் குன்றில், அதே ரெஜிமென்டின் லெப்டினன்ட் ஆர்னால்ட் பியார்க்லண்டுக்கு. பக்கத்தில் அல்டாவில்லா ஊருக்குள் சண்டையிட்ட சார்ல்ஸ் கெல்லி என்ற இன்னொரு சிப்பாய்க்கும்.

கெல்லியின் கதை நேர் எதிர். ஐரோப்பிய நிலப்பரப்பில் போரிட்டு இந்தப் பதக்கம் பெற்ற முதல் சாதாரண சிப்பாய் அவர். பத்திரிகைகள் ‘தனி ஆள் ராணுவம்’ என்று கொண்டாடின. பிட்ஸ்பர்க்கில் ஊர்வலம், நாடு முழுக்கச் சுற்றுப்பயணம், ஊரெல்லாம் கைதட்டல். போர் முடிந்து பெட்ரோல் பங்க் வைத்தார், நொடித்துப்போனார். அதன்பின் வாழ்க்கை பெரும்பாலும் கஷ்டம்தான். 1985ல் இறந்தார். புகழ் ஒருவரை என்ன செய்யும் என்று கிராஃபோர்ட் இவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. கிராஃபோர்டுக்குக் கிடைக்காமல் போன கைதட்டல் கெல்லிக்குக் கிடைத்தது, அதனால் அவர் வாழ்க்கை சுகமாகிவிடவில்லை.

பியூப்லோ ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஓர் அதிபர் சொன்னாராமே?

ஐசனோவர். 1953ல் ரேமண்ட் மர்ஃபி என்ற பியூப்லோக்காரருக்கு இதே பதக்கத்தை அணிவித்தபோது, உங்கள் ஊர்த் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது, எல்லோரும் வீரர்களாகவே வருகிறீர்களே என்று தமாஷாகக் கேட்டார். கிராஃபோர்ட், மர்ஃபி, கார்ல் சிட்டர், ட்ரூ டிக்ஸ் என்று அந்த ஒரு ஊருக்கு நான்கு பேர். ‘வீரர்களின் ஊர்’ என்பது இப்போது பியூப்லோவின் பட்டப்பெயர். நால்வருக்கும் அங்கே வெண்கலச் சிலை இருக்கிறது.

மாஷ்காட்டுக்கும் அவருக்கும் பிறகு என்ன?

1977ல் பட்டம் வாங்கிக் கிளம்பினார். விடுதியை விட்டுக் கடைசியாக வெளியேறும்போது பெரியவர் கைகுலுக்கி, ‘நல்லா இரு தம்பி’ என்று சொல்கிற மாதிரி இரண்டே வார்த்தை சொன்னார். நீளமாக வாழ்த்திப் பேசுகிற ஆள் இல்லையே அவர்.

கடைசிக் காலம் எப்படி? எங்கே அடக்கம் செய்தார்கள்?

பாமர் லேக்கிலேயே 2000 மார்ச் 15ல் காலமானார். 81 வயது. அந்த வருடம் செப்டம்பரில் இந்தப் பதக்கம் பெற்றவர்களின் மாநாடு அவருடைய சொந்த ஊரான பியூப்லோவில்தான் நடந்தது, ஆறு மாதத்தில் தவறிவிட்டது. கொலராடோ ஆளுநர் பில் ஓவன்ஸ் மாநிலக் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னார். தரைப்படையில் காலம் கழித்த மாஸ்டர் சார்ஜன்டை விமானப்படை அகாடமி தன் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டது. சுற்றிலும் விமானப்படைக்காரர்கள்.